குரல் வந்த குறுக்கு வழி

வாசற்படியில் நசுங்கிய ஹெல்மெட் ஒன்று கிடந்தது. கட்டட வேலை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் மஞ்சள் ஹெல்மெட். யாரோ வேண்டுமென்றே அதன்மேல் ஒரு கனமான வண்டியை ஏற்றி இறக்கித் தட்டையாக்கிவிட்டு, பிறகு பூப்போல எடுத்துவந்து படியின் நடுவில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“கொரியர்ல அனுப்பினா உடைஞ்சிடும்னு நேர்லயே வந்து குடுத்துட்டுப் போயிருக்காங்க, அண்ணி,” என்றான் ரேடியோ.

அண்ணி குனிந்து ஹெல்மெட்டைப் பார்த்தாள், நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்னச் சின்ன வீடுகள், ஒரே மாதிரி கேட்டுகள். இத்தனை வீடுகளுக்கு நடுவில் இந்த ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அவளை இங்கே வரவழைத்த கேள்வி.

ரேடியோ அவளுடைய கணவனின் தம்பி. ஒரு காலத்தில் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தான். பாட்டு போட வேண்டிய நேரத்திலும் இவனே பேசிக்கொண்டிருந்ததால் வேலை போயிற்று, பட்டப்பெயர் மட்டும் தங்கிவிட்டது. அண்ணி தொலைபேசி நிறுவனத்தில் பல வருஷம் லைன் இழுத்தவள். சங்கத்துக்காரர்களின் ஃபோனை ஒட்டுக்கேட்டுச் சொல்லும்படி மேலதிகாரி உத்தரவு போட்ட அன்றைக்கே, அடையாள அட்டையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். இருவரும் சேர்ந்து துப்பறியும் தொழிலில் இறங்கிய பிறகு, வருகிற கட்சிக்காரர்களிலிருந்து போலீஸ்காரர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணிதான். கட்டிக்கொண்டவன் ஒருத்தனைத் தவிர, என்பான் ரேடியோ.

வீட்டுக்குள் இன்ஸ்பெக்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அகன்ற தோள், வெயிலில் கறுத்த முகம், எதிரில் இருப்பவரை இமைக்காமல் பார்க்கும் கண். நகரத்தின் மிக உயரமான கட்டடத்தில் கிரேன் ஓட்டியவள். எல்லோரும் கிரேன் அக்கா என்றே அழைத்தார்கள்.

அந்தக் கட்டடத்தின் பாதி முடிந்த மாடியிலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவர் விழுந்து செத்துப்போனார். கால் தவறி விழுந்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்கும் மேலே, கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த இந்தப் பெண் ஒருத்திதான் வேறு மாதிரி சொன்னாள். கட்டட முதலாளியே அந்த மனிதரின் சட்டையைப் பிடித்துத் தள்ளியதைப் பார்த்ததாகச் சொன்னாள். சொன்னதிலிருந்து சாட்சிக்கு ஆபத்து. இன்ஸ்பெக்டர் அவளை இந்த வாடகை வீட்டில் ரகசியமாகக் குடிவைத்தார். கோர்ட்டுக்கு வராமல் வீட்டிலிருந்தே வீடியோ காலில் சாட்சி சொல்ல ஏற்பாடாயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையை ஆரம்பித்த மறுநாள் காலையில் இந்த ஹெல்மெட் வந்து சேர்ந்தது.

வீடு தெரிந்தவர்கள் மூன்றே பேர், என்றார் இன்ஸ்பெக்டர். தான், சாட்சி, சாட்சியின் தம்பி. இணைய இணைப்பைப் பொருத்திக் கொடுத்தது அந்தத் தம்பிதான். தானும் சொல்லவில்லை, அவளும் சொல்லியிருக்க மாட்டாள், மிச்சம் இருப்பது ஒருவன். அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார். சாட்சியை இன்றைக்கே வெளியூருக்கு மாற்றிவிடுவது, நாளைக்கு நடக்க வேண்டிய விசாரணையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்பது என்று முடிவெடுத்திருக்கிறார்.

“நான் எங்கயும் வரல,” என்றாள் கிரேன் அக்கா.

“புரியாமப் பேசாதீங்கம்மா.”

“நல்லாப் புரியுது சார். இங்கேருந்து அங்க, அங்கேருந்து இன்னொரு இடம். ஓடிக்கிட்டே இருந்தா நான் எப்பப் பேசறது? நாளைக்கு இதே நாற்காலியில உக்காந்துதான் பேசுவேன். என் தம்பி என்னைக் காட்டிக்குடுக்கல. அதைக் கண்டுபிடிக்கத்தான் இவங்களைக் கூப்பிட்டிருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் அண்ணியைப் பார்த்தார். நேர்மையான மனிதர், ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் கடப்பாரை போட்டு நெம்பினாலும் நகரமாட்டார். அண்ணிக்கும் அவருக்கும் பழைய பரிச்சயம் உண்டு.

“நாளைக்கு விசாரணை முடியறதுக்குள்ள நான் வேற வழியைக் காட்டலைன்னா, நீங்க நினைக்கறபடி செய்ங்க,” என்றாள் அண்ணி. “அதுவரைக்கும் அந்தப் பையன் மேல கை படக்கூடாது.”

இன்ஸ்பெக்டர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

அண்ணி சுவரோரம் இருந்த ரூட்டரைப் பார்த்தாள். கோர்ட்டிலிருந்து கொடுத்திருந்த டேப்லெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் யார் யார் முகம் தெரியும் என்று கேட்டாள். நீதிபதி தெரிவார், அரசு வக்கீல் தெரிவார், கூண்டில் முதலாளி தெரிவார் என்றாள் கிரேன் அக்கா. அவர்கள் எல்லோரும் கோர்ட்டில். எதிர்த்தரப்பு சீனியர் வக்கீலுக்கு முதுகில் ஏதோ பிரச்சினை. அவர் மட்டும் தன் ஆபீஸிலிருந்தே வீடியோவில் வருவார். அவருடைய ஜூனியர் கோர்ட்டில் நிற்பார்.

“ஆக, வெளியிலேர்ந்து வர்றது ரெண்டே பேர்,” என்றாள் அண்ணி. “நீங்களும் அவரும்.”

ரேடியோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது அவன் வழக்கமாகச் செய்வதையே செய்தான். ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்து, இதன் உள்ளே இருந்த தலை எங்கே போயிற்று என்று இன்ஸ்பெக்டரைக் கேட்டான். இன்ஸ்பெக்டர் அவனை வெளியே நிற்கச் சொன்னார்.

கோர்ட்டில் வீடியோ கால்களைக் கவனிக்கும் அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. முன்பு பழைய சாமான் போட்டு வைத்திருந்த இடமாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தாலே குளிர்காற்று முகத்தில் அடித்தது. இரும்பு அலமாரியில் விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருக்க, நடுவில் கம்பளிச் சட்டை போட்ட ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோர்ட்டில் அவருக்குப் பெயர் சர்வர். சர்வர் என்பது நீங்களா, இந்தப் பெட்டியா என்று ரேடியோ கேட்டபோது, எதைக் கூப்பிட்டாலும் ஓடி வருவது நான்தான் என்று அலுத்துக்கொண்டார்.

வழியில் அரசு வக்கீல் எதிர்ப்பட்டிருந்தார். வெள்ளை முடி, கனிவான குரல். கிரேன் அக்காவைத் தங்கை என்றே சொல்லுவார். ஹெல்மெட் சமாச்சாரம் கேள்விப்பட்டதிலிருந்து மனசே சரியில்லை என்றார். அந்தத் தங்கை உயிரோடு இருந்தால் போதும், கேஸை நிதானமாக நடத்திக்கொள்ளலாம், நாளைக்கு நானே வாய்தா கேட்கப்போகிறேன் என்றார். ரேடியோவுக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. இப்படி ஒரு அண்ணன் இருந்தால் தன் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றான். அதை உங்கண்ணனிடம் சொல்கிறேன் என்றாள் அண்ணி.

போன விசாரணையின் பதிவை ஓடவிடச் சொன்னாள் அண்ணி. சர்வர் ஓடவிட்டார். மதிய இடைவேளைக்கு முன்பு ஒரு பகுதி, பின்பு ஒரு பகுதி. சீனியர் வக்கீல் கேள்வி கேட்டார், கிரேன் அக்கா பதில் சொன்னாள். எவ்வளவு உயரம், வெயில் எந்தப் பக்கம், கண்ணாடி போடுவீர்களா என்று ஒரே விதமான கேள்விகள். ரேடியோவுக்குக் கொட்டாவி வந்தது. கொட்டாவியை விரட்ட, பேனாவை மைக் போலப் பிடித்துக்கொண்டு விளையாட்டு வர்ணனை ஆரம்பித்தான்.

“வக்கீல் பந்தை அடிக்கிறார். பந்து போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. நேயர்களே, ஒரு விளம்பரம் போட்டுட்டு வந்துடலாம். இதோ, அக்கா திருப்பி அடிக்கிறாங்க.”

சர்வர் சிரித்தார். அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இடைவேளைக்குப் பிந்தைய பகுதி வந்தது. ரேடியோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

“இப்ப வக்கீல் அடிக்கிறார், அக்கா. வக்கீல், அக்கா. வக்கீல், அக்கா. அடேயப்பா, சாப்பிட்டு வந்ததும் என்ன வேகம். மூச்சு வாங்குது எனக்கு. நடுவர், அதான் நீதிபதி, ஏதோ சொல்ல வர்றார். அவர் சொன்னது போகுது, போகுது, இன்னும் போய்க்கிட்டே…”

அவன் பாதியில் நிறுத்தினான். அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

“திரும்பச் சொல்லு. நடுவர் சொன்னா?”

“லேட்டாப் போகுது.”

“வக்கீல் சொன்னா?”

“பட்டுனு போகுது.”

“இடைவேளைக்கு முன்னாடி?”

“ரெண்டுமே லேட்டு.” தான் சொன்னதை ரேடியோ மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். “அண்ணி, நான் இப்ப என்ன கண்டுபிடிச்சேன்?”

அண்ணி சர்வர் பக்கம் திரும்பினாள். அவருடைய சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை பூத்திருந்தது.

அண்ணி விஷயத்தை ரேடியோவுக்குப் புரிகிற பாஷையில் விளக்கினாள். கோர்ட்டுக்குள் இருக்கும் மெஷின்கள் எல்லாம் ஒரு ஜோன், அதாவது ஒரு மண்டலம். வெளியே இருக்கும் வக்கீல்களுக்கு ஒரு ஜோன். சாட்சிகளுக்குத் தனியாக ஒரு ஜோன். ஜோன் விட்டு ஜோன் போகிற ஒவ்வொரு காலும், ஃபயர்வால் என்கிற காவல் சுவரை ஒட்டி வாசலில் நிற்கும் ஒரு மெஷினிடம் வந்துதான் ஆக வேண்டும். இந்தப் பக்கம் பேசுவதை அது வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கும். அதனால்தான் குரல் கொஞ்சம் தாமதமாகப் போகிறது. ஆனால் ஒருவர் விலாசம், அதாவது அவருடைய இன்டர்நெட் இணைப்பின் நம்பர், இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் தெரிவது வாசல் மெஷினின் விலாசம் மட்டும்தான்.

“ஒரே ஜோன்ல ரெண்டு மெஷினைப் போட்டுட்டா?”

“ஒரே வீட்டு ஆளுங்கன்னு நினைச்சுக்கும். வாசல் வரைக்கும் ஏன் சுத்தணும்னு நேரா பேசிக்க விட்டுடும். குரல் குறுக்கு வழியில வரும். கூடவே விலாசமும் வரும்.” அண்ணி சர்வரைப் பார்த்தாள். “அந்த நம்பரை வெச்சுக்கிட்டு இன்டர்நெட் கம்பெனியில ஒரு ஆளைப் பிடிச்சா போதும். எந்த வீட்டு இணைப்புன்னு சொல்லிடுவான். சாட்சியோட டேப்லெட்டை வக்கீல் ஜோனுக்கு மாத்தினது யாரு?”

சர்வர் தலையைக் குனிந்துகொண்டார். மாற்றியது தான்தான் என்றார். அன்றைக்கு இடைவேளையில் கோர்ட் ஹாலிலிருந்து இன்டர்காம் வந்தது. சாட்சிக்கும் சீனியருக்கும் குரல் ஒத்துப்போகவில்லை, ஐயா கோபப்படுகிறார், ரெண்டையும் ஒரே ஜோனில் போடுங்கள் என்றார்கள். நீதிபதி கோபப்படுகிறார் என்றதும் கை தானாகப் போயிற்று. அதன் விளைவு என்னவென்று ஹெல்மெட் வந்த செய்தி கேட்ட பிறகுதான் உறைத்தது. உறைத்தும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

“பேசினது யார் குரல்?”

“தெரியலைங்க. ஹால்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க. கிசுகிசுன்னு.”

உங்கள் பயத்துக்கு விலையாக ஒரு பையன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறான் என்றாள் அண்ணி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அதற்கே அவர் கண் கலங்கிவிட்டது.

ரேடியோவுக்குச் சந்தேகமே இல்லை. இது சீனியரின் ஜூனியர் வேலைதான். சுருட்டை முடி, பளபளக்கும் ஷூ, ஹாலில் இன்டர்காமுக்குப் பக்கத்திலேயே நிற்கிற ஆள். போய்ச் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்றான். கேட்டால் இல்லை என்பான், அப்புறம் என்ன செய்வாய் என்றாள் அண்ணி.

அவள் செய்தது வேறு. சாட்சியின் டேப்லெட்டைப் பழையபடி அதன் சொந்த ஜோனுக்கே மாற்றச் சொன்னாள். நாளைக்குக் குரல் மறுபடியும் தாமதமாகும். மற்றவர்களுக்கு அது ஒரு சின்னத் தொந்தரவு. தாமதம் எதற்கு அடையாளம் என்று தெரிந்த ஒருவர் மட்டும் சும்மா இருக்க மாட்டார். பயந்து ஓடாத சாட்சி நாளைக்குள் பேசி முடித்துவிடப்போகிறாள். அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டார்களா, எங்கே மாற்றினார்கள் என்று அவர்களுக்கு அவசரமாகத் தெரிந்தாக வேண்டும். இன்டர்காம் மறுபடியும் அடிக்கும்.

“அடிச்சதும் அவங்க கேட்டதையே குடுப்போம்,” என்றாள் அண்ணி. “ஆனா அக்கா வீட்டு லைன் முதல்ல வேற ஒரு இடத்துக்குப் போய், அங்கேருந்து கிளம்பற மாதிரி பண்ணிடுவேன். விலாசம் தேடறவங்களுக்கு அந்த இடம்தான் தெரியும். பின்பக்கம் ஒரு கேட், போர்டு எதுவும் இருக்கக்கூடாது. அப்படி உங்ககிட்ட இடம் இருக்கா?”

இதை அவள் கேட்டது இன்ஸ்பெக்டரிடம், ஃபோனில். அவர் யோசிப்பதற்குள் ரேடியோ முந்திக்கொண்டான். போலீஸ் நாய்களைப் பழக்கும் நிலையத்துக்குப் பின்பக்கம் அப்படி ஒரு கேட் இருக்கிறது, வருகிற விருந்தாளியைக் கவனித்துக்கொள்ள ஆள்பலமும் அதிகம் என்றான். இன்ஸ்பெக்டர் அவனிடம் முதல்முறையாகச் சிரித்தார்.

மறுநாள் ஹாலில் பின் பெஞ்சில் ரேடியோவை உட்கார வைத்தாள் அண்ணி. அவளே கீழே சர்வர் அறையில் இருப்பாள். அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்டர்காமை யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது. வாயைத் திறக்கக்கூடாது. வாழ்நாளில் தனக்கு விதிக்கப்பட்ட மிகப் பெரிய தண்டனை இது என்று சொல்லிவிட்டுப் போனான்.

திரையில் கிரேன் அக்காவின் முகம் வந்தது. அதே நாற்காலி, அதே கட்டிய கை. கூண்டில் நின்ற முதலாளி அவளைப் பார்த்து லேசாகப் புன்னகை செய்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. கடைசியில் அவரே தன் நகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

அரசு வக்கீல் கேட்ட வாய்தாவை, சாட்சி பேசத் தயார் என்றதால் நீதிபதி மறுத்தார். கேள்விகள் தொடங்கின. குரல் மறுபடியும் இழுத்துக்கொண்டு போயிற்று. சீனியர் கேட்பதும் அவள் சொல்வதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நீதிபதி இருமுறை திரும்பச் சொல்லச் சொன்னார். ரேடியோவின் கண் சுருட்டை முடி ஜூனியரைவிட்டு நகரவில்லை. ஜூனியர் கடிகாரத்தைப் பார்த்தான், கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான், மெல்ல நகர்ந்து இன்டர்காம் இருந்த மேஜைப் பக்கம் போனான். கை நீண்டது. ரேடியோ பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

ஜூனியர் மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான்.

ரேடியோ மெல்ல உட்கார்ந்தான். அந்த நேரத்தில், வெள்ளை முடி வைத்த ஒருவர் அமைதியாக எழுந்தார். நீதிபதி ஏதோ எழுதிக்கொண்டிருந்த வேளை பார்த்து, ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு, இன்டர்காமை எடுத்தார். இரண்டு வாக்கியம் பேசினார். வைத்தார். திரையில் தெரிந்த தன் சாட்சியைப் பார்த்து, பயப்படாதே தங்கை என்பதுபோலத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அரசு வக்கீல்.

வாய் திறக்கக்கூடாது என்ற உத்தரவை ரேடியோ மீறவில்லை. மீற நினைத்திருந்தாலும் சொல்ல ஒரு வார்த்தை கிடைத்திருக்காது. நேற்று இந்த மனிதரை அண்ணனாக ஆசைப்பட்டது நினைவு வந்து, உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த கேள்விக்கு அக்காவின் பதில் பட்டென்று வந்தது. கீழே அண்ணி கேட்டதைக் கொடுத்துவிட்டாள்.

மதிய இடைவேளை முடியும் முன்பே இன்ஸ்பெக்டர் மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். நாய்ப் பயிற்சி நிலையத்தின் பின்கேட்டை ஏறிக் குதித்து இரண்டு பேர் உள்ளே போயிருக்கிறார்கள். ஒருவனைச் சுவரோரம் உட்கார வைத்து நாலு நாய்கள் சுற்றி நின்று பாதுகாத்துக்கொண்டிருக்கின்றன. இன்னொருவன் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிக்கொண்டு, யார் அனுப்பினார்கள், விலாசம் எந்த ஆபீஸிலிருந்து வந்தது என்று கேட்காததையெல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கீழே இறங்கிச் சொல் என்றால் மட்டும் மாட்டேன் என்கிறானாம்.

நீதிபதியின் அறையில் அண்ணி நடந்ததைச் சொன்னாள். சர்வர் குனிந்த தலையோடு தன் பங்கைச் சொன்னார். அரசு வக்கீல் முதலில் மறுத்தார். சாட்சியின் வசதிக்காகக் குரலைச் சரிசெய்யச் சொன்னது ஒரு குற்றமா என்று அந்தக் கனிவான குரலிலேயே கேட்டார்.

“தாமதமாகுதுன்னு சொல்லியிருந்தா குற்றம் இல்ல சார்,” என்றாள் அண்ணி. “ரெண்டு மெஷினையும் ஒரே ஜோன்ல போடச் சொன்னீங்க. அந்த வார்த்தையைச் சட்டக் கல்லூரியில சொல்லித்தர்றதில்ல. யார் சொல்லிக்குடுத்தாங்க?”

அதே கட்டடத்தின் உச்சி மாடியில் ஒரு வீடு அரசு வக்கீலின் மகன் பேருக்கு ஒதுக்கப்பட்டிருந்த விஷயம் பிற்பாடுதான் வெளியே வந்தது. நீதிபதி அவரை வழக்கிலிருந்து விலக்கி, இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்தார். அரசுத் தரப்பில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு பெண் வக்கீல் மிச்சத்தை ஏற்றுக்கொண்டார். ஸ்டேஷனுக்கு ஃபோன் போயிற்று. விசாரணை மறுபடியும் தொடங்கியபோது, திரையில் கிரேன் அக்காவுக்குப் பக்கத்தில் தலை கலைந்த ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். அவள் ஒரு கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், மறுபடியும் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுபோல.

எல்லாம் முடிந்தது என்று ரேடியோ நினைத்தான். சீனியர் வக்கீல் அப்படி நினைக்கவில்லை. தன் ஆபீஸில் யார் என்ன செய்தார்கள் என்பது தனக்குத் தெரியாது என்று வருத்தம் தெரிவித்துவிட்டு, அதே மூச்சில் தன் கடைசி அம்பை எடுத்தார். சாட்சி இப்போது உயிர்பயத்தில் இருக்கிறார், பயந்த மனசு நடந்ததையும் நடக்காததையும் கலந்துவிடும், அவருடைய நன்மைக்காகவே விசாரணையைச் சில மாதங்கள் தள்ளிவைக்க வேண்டும், அதுவரை அவரை யாருக்கும் தெரியாத இடத்தில் வைக்க வேண்டும் என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவே பட்டது. நீதிபதியும் யோசித்தார். சாட்சியின் விருப்பம் என்ன என்று கேட்டார்.

கிரேன் அக்கா தம்பியின் சட்டையை விட்டாள். எழுந்து நின்றாள். தம்பி டேப்லெட்டை அவள் முகத்துக்கு நேராக உயர்த்தினான்.

“ஐயா, இத்தனை பேர் சேர்ந்து என் விலாசத்தைத் தேடியிருக்காங்க. அதுக்காக ஒரு பெரிய மனுஷர் தன் பேரையே கெடுத்துக்கிட்டார். அவ்வளவு சிரமம் எதுக்கு? நானே சொல்றேன், எழுதிக்கச் சொல்லுங்க.”

ரேடியோ திடுக்கிட்டு வாசலைப் பார்த்தான். அங்கே அண்ணி கதவில் சாய்ந்தபடி நின்றிருந்தாள். ஜோன், ஃபயர்வால், நாய் நிலையம் என்று இரண்டு நாளாக அவள் மாய்ந்து மாய்ந்து மறைத்த விலாசம். தடுக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் அசையவில்லை.

கிரேன் அக்கா சொன்னாள். கதவு எண்ணைச் சொன்னாள், தெருவின் பெயரைச் சொன்னாள், எந்தத் திருப்பத்தில் திரும்ப வேண்டும் என்றும் சொன்னாள்.

“யாருக்கும் தெரியாத வீட்டுலதான் ஐயா எது வேணும்னாலும் நடக்கும். யார் பண்ணாங்கன்னும் தெரியாமப் போகும். இப்ப இந்த வீடு உங்களுக்குத் தெரியும், பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியும், கூண்டுல நிக்கறவருக்கும் தெரியும். இனிமே இந்த வாசல்ல ஒரு கல்லு விழுந்தாலும், யார் வீட்டுக் கல்லுன்னு ஊருக்கே தெரியும்.” அவள் மறுபடியும் உட்கார்ந்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். “எனக்குத் தள்ளிவைக்க வேண்டாம். வக்கீல் சாரை அடுத்த கேள்வி கேக்கச் சொல்லுங்க.”

சீனியர் தன் காகிதங்களைப் புரட்டினார். ஒரு பக்கம், அடுத்த பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வேறு கேள்வி இல்லை என்றார்.

ஹால் கலைய நேரம் பிடித்தது. முதலாளியை அழைத்துப்போனபோது அவர் யாரையும் பார்த்துப் புன்னகை செய்யவில்லை. தாழ்வாரத்தில் ரேடியோ அடக்கிவைத்த பேச்சையெல்லாம் சேர்த்து அண்ணியிடம் கொட்டிக்கொண்டிருந்தான். இரண்டு நாள் உழைப்பை அந்த அக்கா ஒரே நிமிஷத்தில் காற்றில் விட்டுவிட்டாள், நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றான்.

“அவங்க விலாசம், அவங்க சொல்லலாம்,” என்றாள் அண்ணி. “நான் தடுத்தது அடுத்தவன் திருடினதை.”

அப்போது அவன் தோளை யாரோ தொட்டார்கள். திரும்பினான். சிமென்ட் படிந்த செருப்போடு நடுவயசு மனிதர் ஒருவர். அவருக்குப் பின்னால் அதேபோல ஏழெட்டுப் பேர். அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது. உங்களுக்கு இந்த ஊர்ப் பக்கம் எல்லாம் தெரியும்போல இருக்கிறது, அக்கா சொன்ன தெருவுக்கு இங்கேயிருந்து எந்த பஸ் போகும் என்று கேட்டார்.

ரேடியோ அவரை மேலும் கீழும் பார்த்தான். அங்கே எதற்கு என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டான்.

அந்த மனிதர் பின்னால் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரும் தலையைக் குனியவில்லை.

“வாசல்ல உக்காரத்தான்,” என்றார். “நாளைக்கு எங்களையும் சாட்சிக் கூண்டுல ஏத்தச் சொல்லுங்க. அன்னைக்குப் பார்த்தது அவ மட்டும் இல்ல.”